கச்சான் என்ன விலை என்று கேட்பார்கள்: திருகோணமலையிலிருந்து ஓர் இயற்கை மடல் தொடங்கும் விதம்

34 ஆண்டுகள் தபாலகங்களில் பிறருடைய கடிதங்களை வகை பிரித்தேன். ஓய்வு பெற்ற பிறகு நானே மாதம் ஒரு கடிதம் எழுதுகிறேன். புறாத்தீவு முருகைக்கற்கள் (பவளப்பாறைகள்), கந்தளாய்ப் பக்கத்து யானைகள், மகாவலி வெள்ளம், சம்பூர்க் காணிகள் என்று திருகோணமலை மாவட்டத்து இயற்கையையும், அது கெட்டால் யார் வீட்டில் அடுப்பு அணைகிறது என்பதையும் சொல்லும் மின்னஞ்சல் மடல் அது. "எங்கள் ஊரிலும் இப்படி ஒன்று தொடங்க வேண்டும், என்ன செய்வது?" என்று கேட்கிறவர்களுக்குத் தனித்தனியே பதில் எழுதிக் கை அலுத்துவிட்டது. ஆகவே எல்லாவற்றையும் இங்கே ஒரே உறையில் போடுகிறேன்.

முகவரி முதலில்

தபாலகத்தில் எதற்கும் முன் முகவரியைத்தான் பார்ப்போம். "திருகோணமலை மக்களுக்கு" என்று எழுதி ஒருவர் கடிதம் போட்டால் அது எந்தக் கதவுக்கும் போகாது. "இயற்கை ஆர்வலர்களுக்கு" என்று நினைத்துக்கொண்டு நான் எழுதிய முதல் மூன்று வரைவுகளும் பாடப்புத்தக முன்னுரை போல வந்தன. நான்காவது தடவை இரண்டு பேரை எதிரே உட்கார வைத்துக்கொண்டேன். ஒருவர் இறக்கக்கண்டியில் கரைவலை வைத்திருக்கும் சம்மாட்டி. என்னைவிட மூத்தவர், மின்னஞ்சல் இல்லாதவர், விடியற்காலையில் வாசலில் நின்றே அன்றைக்குக் கடல் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுபவர். மற்றவர் டொராண்டோவில் தாதியாக இருக்கும் என் அக்காவின் மகள். பத்து வயதில் ஊரை விட்டுப் போனவள்.

சம்மாட்டி கேட்டால் "இதில் என்ன புதினம்?" என்று சொல்லக் கூடாது. மருமகள் படித்தால் "இது என்ன சொல், மாமா?" என்று வரிக்கு வரி நிற்கக் கூடாது. இந்த இரண்டு பேரையும் ஒன்றாக வைத்திருப்பதுதான் எழுத்து வேலையில் முக்கால்வாசி.

இரண்டாமவரை மட்டும் நினைத்து எழுதினால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். கன்னியா வெந்நீர்க் கிணறுகள், கோணேசர் கோயில் மணி, பனங்காய்ப் பணியாரம் என்று மடல் மெல்ல மெல்லப் பழைய நினைவுப் பெட்டியாகிவிடும். பனங்காய்ப் பணியாரம் எனக்கும் பிடிக்கும். அதை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

பெயருக்கு ஒரு வாரம் செலவழித்தேன், அதில் ஆறு நாள் வீண். 'பசுமைக் குரல்', 'இயற்கையின் அழைப்பு' போன்ற பெயர்களை எந்த ஊர் மடலுக்கும் வைக்கலாம். கடைசியில் 'கச்சான்' என்று வைத்தேன். தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது காய்ந்து, சூடேறி வருகிறது. ஆனி ஆடியில் குளக்கட்டு வெடிக்க வீசுகிற அந்தக் காற்றுக்குத்தான் கச்சான் என்று பெயர். அங்கே குடை விரிக்க வைப்பதும் இங்கே விசிறி தேட வைப்பதும் ஒரே காற்று. சூடேற்றுகிறவர் ஒருவர், அடி வாங்குகிறவர் வேறொருவர் என்று கணக்குக் கேட்கும் காலநிலை நீதி என்ற சொல்லை நான் கேள்விப்படுவதற்கு முன்பே அதில் பாதியை இந்தக் காற்று சொல்லித் தந்துவிட்டது.

ஒரு சிக்கல் மட்டும் வந்தது. நம் ஊரில் கச்சான் என்றால் நிலக்கடலையும்தான். முதல் மடலின் தலைப்பு வரியில் "இந்த மாதக் கச்சான் தயார்" என்று போட்டேன். இரண்டு பேர் விலை கேட்டுப் பதில் எழுதினார்கள்.

எங்கிருந்து தொடங்குவது

தேசியப் பூங்கா என்றவுடன் யால, வில்பத்து என்று எழுதத் தோன்றும். 1938இல் அறிவிக்கப்பட்ட பழைய பூங்காக்கள் அவை. அவற்றை எழுத ஆள் நிறைய. நீங்கள் உங்கள் சைக்கிள் போகும் தூரத்தில் தொடங்குங்கள். எனக்கு அது நிலாவெளிக் கரை. அங்கிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றரில் புறாத்தீவு. மாடப்புறாக்கள் கூடு வைக்கும் பாறைகளால் வந்த பெயர். ஆங்கிலேயர் காலத்தில் சுடுபயிற்சிக்கு இலக்காக இருந்த தீவு, 1963இல் சரணாலயமாகி, 2003இல் தேசியப் பூங்காவாயிற்று. 471 ஹெக்டேயர் என்று எழுதினால் வாசகர் பெரிய காடு என்று நினைத்துவிடுவார். அதில் மிகப் பெரும்பகுதி கடல் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

சரணாலயம், தேசியப் பூங்கா என்ற இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுகிறவர்கள் அதிகம். அவை ஒன்றல்ல. இரண்டுக்கும் அடிப்படை 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். தேசியப் பூங்கா அரச காணியில் மட்டுமே அமையும், அனுமதிச் சீட்டில்லாமல் உள்ளே போக முடியாது. சரணாலயத்துக்குள் தனியார் காணி இருக்கலாம், ஆட்கள் குடியிருக்கலாம். உங்கள் ஊர் வயல் ஒன்று எந்தக் கோட்டுக்குள் விழுகிறது என்ற கேள்வி வரும்போது இந்த வேறுபாடு ஒரு குடும்பத்தின் உரிமைப் பிரச்சினையாகிவிடும்.

தரைப்பக்கம் போனால் 1986இல் அறிவிக்கப்பட்ட சோமாவதிய, 1997இன் மின்னேரியா, 2002இன் கவுடுல்ல. கோடையில் குளங்கள் வற்ற, வெளிப்படும் தரையில் புல் முளைக்க, யானைகள் நூற்றுக்கணக்கில் அங்கே கூடுகின்றன. அதைப் பார்க்க ஜீப்பில் ஆட்கள் வருகிறார்கள். அழகான காட்சி, மறுக்கவில்லை. ஆனால் பூங்கா எல்லையை அறிவிக்கும் அரசிதழான வர்த்தமானியை யானை வாசிப்பதில்லை. கந்தளாயிலும் சேருவிலவிலும் இரவில் வயல் காவலுக்குப் பரணில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த ஜீப் டிக்கெட்டில் ஒரு சதமும் வருவதில்லை. பூங்காவைப் பற்றி எழுதும் ஒவ்வொரு தடவையும் உள்ளே ஒருவரையும் வெளியே ஒருவரையும் பார்த்துப் பேசிவிட்டு எழுதுவது என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். உள்ளே இருப்பவரைப் பிடிப்பது சுலபம், அவருக்குச் சீருடை இருக்கிறது. வெளியே இருப்பவருக்காகப் பகல் முழுதும் காத்திருக்க வேண்டும், ஏனென்றால் இரவு விழித்தவர் பகலில் தூங்குகிறார்.

இவ்வளவு சொன்னாலும் என் முதல் மடல் புறாத்தீவைப் பற்றியதும் அல்ல, யானையைப் பற்றியதும் அல்ல. பிரெட்ரிக் கோட்டை வாசலில் நிற்கும் புள்ளிமான்களைப் பற்றியது. எங்கள் நகரத்தில் மான் பார்க்கப் பூங்காவுக்குப் போக வேண்டாம். அவை கடை வாசலுக்கே வந்து சொப்பிங் பையையும், சோற்றுப் பொதி சுற்றும் பிளாஸ்டிக் தாளான லஞ்சீற்றையும் மெல்லும். 2017 செப்டெம்பர் 1 முதல் லஞ்சீற்றுக்குத் தடை. தடை வந்த பிறகும் மான் எதை மெல்லுகிறது என்று ஒரு காலைப் பொழுது முழுதும் நின்று எண்ணி எழுதினேன். ஆய்வு என்று சொல்ல மாட்டேன். என்றாலும் வாசித்தவர்கள் எல்லோரும் அந்த மானைப் பார்த்தவர்கள். "ஒன்றை விட்டுவிட்டீர்கள்" என்று ஆறு பேர் எழுதினார்கள். முதல் மடலுக்கு வேண்டியது அந்த ஆறு பேர்தான்.

எந்தச் சொல்

இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

தமிழ்நாட்டு நூல்களில் பவளப்பாறை. நம் கரையில் முருகைக்கல். நான் முருகைக்கல் என்றே எழுதி, மடலில் முதல் தடவை மட்டும் மற்றச் சொல்லையும் சேர்த்துவிடுகிறேன். அங்கே பருவநிலை மாற்றம், இங்கே காலநிலை மாற்றம். வடகிழக்குக் காற்றை வாடை என்றும், கிழக்கே இருந்து வருவதைக் கொண்டல் என்றும் எழுதினால் சம்மாட்டிக்கு ஒரே சொல்லில் மாதமும் கடலின் நிலையும் விளங்கிவிடும். திசையை மட்டும் எழுதினால் அவர் மனதுக்குள் மொழிபெயர்க்க வேண்டும்.

முருகை வெளிறுவதை எப்படி எழுதினேன் என்று சொல்கிறேன், ஏனென்றால் அதற்குத்தான் ஐந்து தடவை அடித்து எழுதினேன். முருகை ஓர் உயிர். அதன் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசி வெயிலில் சமைத்துக் கொடுக்கிறது, முருகை உண்கிறது. கோடையின் வழக்கமான உச்சச் சூட்டுக்கு மேல் ஒரு பாகை ஏறி, கடல் நீர் சில வாரம் அப்படியே நின்றுவிட்டால் முருகை தன் சமையற்காரனையே வெளியே தள்ளிவிடுகிறது. நிறம் அவனோடு போய்விடும். வெளிறிய முருகை அப்போதும் செத்துவிடவில்லை. சூடு தணிந்தால் பாசி திரும்பும், தணியாவிட்டால் முருகை பட்டினியில் சாகும். உலகம் தழுவிய நான்காவது வெளிறல் நடக்கிறது என்று விஞ்ஞானிகள் 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள். முதல் வரைவில் இந்த ஆண்டுதான் முதல் வரியாக இருந்தது. சமையற்காரனை மேலே ஏற்றி ஆண்டைக் கீழே இறக்கிய பிறகுதான் மருமகள் கடைசி வரை படித்தாள்.

காலநிலை நீதியை எப்படி எழுதுவது

முதலில், அந்தச் சொல்லைத் தலைப்பில் போடாதீர்கள். கணக்கைப் போடுங்கள். இலங்கையில் ஒருவர் ஓராண்டில் வெளிவிடும் காபனீரொக்சைட்டு ஏறத்தாழ ஒரு தொன். உலகச் சராசரி நான்கு தொன்னுக்கும் மேல். இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்து, கீழே 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு மகாவலி பெருகி மூதூர், வெருகல் பக்கம் புகுந்ததை எழுதினால் போதும். 'அநீதி' என்று நீங்கள் தனியாக எழுத வேண்டியதில்லை.

காலநிலை மாற்றத்தால் வரும் இழப்புக்கும் சேதத்துக்குமான நிதி ஒன்று வேண்டும் என்று நாடுகள் 2022இல் எகிப்தின் ஷார்ம் அல் ஷேக்கில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் ஒப்புக்கொண்டன. 2023இல் துபாயில் அதற்கு உருவம் கொடுத்தன. மாநாட்டுச் செய்தியாக இதை எழுதினால் ஒருவரும் படிக்க மாட்டார்கள். வெருகலில் வெள்ளத்தில் மாடு போனவர் "அந்தக் காசு எந்தக் கந்தோருக்கு வரும்?" என்று கேட்டார். அதையே தலைப்பாக வைத்தேன். பதில் எழுத மூன்று வாரம் பிடித்தது. அந்த மடலைத்தான் அதிகம் பேர் பிறருக்கு அனுப்பினார்கள்.

நிலக்கரி கெட்டது, சூரியன் நல்லது என்று இரண்டு பெட்டியில் போட்டு மூடிவிடும் ஆசையையும் அடக்க வேண்டும். சம்பூர் மக்கள் 2006இல் போரில் இடம்பெயர்ந்தார்கள். அவர்கள் பக்கத்துக் காணியில் இந்தியக் கூட்டுடன் 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் வருவதாக இருந்தது. அது கைவிடப்படுகிறது என்று 2016 செப்டெம்பரில் உயர் நீதிமன்றத்தில் அரச தரப்பு சொன்னது. 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின் திட்டத்துக்குத் தொடக்க விழா நடந்தது. நல்ல செய்திதான். ஆனால் அதே ஆண்டு, இதே மாவட்டத்து முத்துநகரில், தாங்கள் உழுத நிலம் சூரிய மின் திட்டங்களுக்குப் போகிறது என்று விவசாயிகள் தெருவில் உட்கார்ந்தார்கள். புகை இல்லாத மின்சாரத்துக்கும் நிலம் வேண்டும், அந்த நிலத்தில் ஏற்கனவே ஒருவர் நிற்கிறார். இதை எழுதினால் சுற்றுச்சூழல்காரர்களும் கோபிப்பார்கள், எதிர்ப்பக்கத்தவர்களும் கோபிப்பார்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் கடிதம் வந்தது. இரண்டையும் அடுத்த மடலில் போட்டேன்.

தாள் தேடுவது

வாய்ச்சொல்லை மட்டும் நம்பி எழுதாதீர்கள். பூங்காக்களின் எல்லைகள் வர்த்தமானியில் இருக்கின்றன. வாராந்த வர்த்தமானி வெள்ளிக்கிழமை வரும், அவசரமானவை அதிவிசேட வர்த்தமானியாக எந்த நாளும் வரும். பெரிய திட்டம் ஒன்றுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வெளியானால் பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள் உண்டு. அந்த அறிவித்தல் பத்திரிகையின் உள்பக்கத்தில், மரண அறிவித்தல்களுக்குப் பக்கத்தில் கிடக்கும். மடல் நடத்துகிறவர் காலையில் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திறக்க வேண்டும்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நமக்குக் கிடைத்த நல்ல கருவி. பிரஜை எவரும் கேட்கலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. கொடுப்பதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு, அதற்கும் மேல் ஆணைக்குழு. என் முதல் விண்ணப்பம் தோற்றது, அதற்கு நானே காரணம். ஏழு கேள்விகளை ஒரே தாளில் போட்டு, நடுவில் அரசாங்கத்துக்கு இரண்டு அறிவுரையும் சொல்லியிருந்தேன். இரண்டாவது தடவை ஒரே கேள்வி: இந்தப் பூங்காவுக்கு இந்த ஆண்டில் மாதவாரியாக எத்தனை டிக்கெட் விற்கப்பட்டது? பதில் வந்தது, ஆனால் நான் தமிழில் கேட்டதற்குச் சிங்களத்தில். தமிழில் வேண்டும் என்று ஒரு வரி எழுதினேன், அதுவும் வந்தது. விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். இதில் எனக்குப் பக்கச்சார்பு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன், என்றாலும் பற்றுச்சீட்டு கையில் இருப்பது நல்லது.

அனுப்புவதற்கு முன் வாசித்துக் காட்டுவது

இது ஒன்றைத்தான் நான் கட்டாயம் என்பேன். மடலில் யார் வருகிறார்களோ அவர்களிடம் எடுத்துப் போய் வாசித்துக் காட்டுங்கள். அதிகாரியிடம் அனுமதி வாங்குவதைச் சொல்லவில்லை, அது வேறு. கதைக்குச் சொந்தக்காரர் தன் கதையைக் கேட்டுத் திருத்துவதைச் சொல்கிறேன்.

கடல் சூடேறியதால் மீன் குறைந்துவிட்டது என்று ஒரு மடலில் எழுதியிருந்தேன். சம்மாட்டி கரையிலுள்ள மீன்பிடிக் குடிசையான வாடியில் உட்கார்ந்து முழுதும் கேட்டார். பிறகு, "டைனமைட் வெடிக்கிறவனை விட்டுவிட்டுச் சூரியனையா குற்றம் சொல்கிறீர்கள், தபால் ஐயா?" என்றார். மடல் ஒரு மாதம் தள்ளிப் போயிற்று. திரும்ப எழுதியபோது சூடும் இருந்தது, வெடியும் இருந்தது, எது எவ்வளவு என்று நம்மால் பிரித்துச் சொல்ல முடியாது என்ற வரியும் இருந்தது.

வாசித்துக் காட்டாமல் ஒரு தடவை அனுப்பினேன். ஆமை முட்டையிட்ட இடத்தைப் பற்றி, இரண்டாவது மடல். அந்த மகிழ்ச்சியில் எந்தத் தென்னந்தோப்புக்கு நேரே, எத்தனை எட்டு என்றுகூட எழுதிவிட்டேன். நான்காம் நாள் குழி தோண்டிக் கிடந்தது. இலங்கைக் கரைகளுக்கு வரும் ஐந்து வகை ஆமைகளையும் சட்டம் பாதுகாக்கிறது, ஆனால் சட்டம் அந்த இரவில் அங்கே நிற்கவில்லை. நான் எழுதியதால்தான் தோண்டினார்களா என்று எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து கூடு, குட்டி, முட்டை பற்றிய எதிலும் இடப்பெயர் போடுவதில்லை. படங்களில் பதிவாகியிருக்கும் இடக்குறிப்பையும் அழித்துவிட்டே அனுப்புகிறேன். சம்மாட்டியிடம் முன்பே காட்டியிருந்தால் அவர் அந்த வரியை அடித்திருப்பார்.

அஞ்சல் வேலை

இனி எனக்குப் பிடித்த பகுதி.

முதல் மடலை என் சொந்த மின்னஞ்சலிலிருந்து அனுப்பினேன், 60 முகவரிகளையும் எல்லோர் கண்ணிலும் படும்படி 'பெறுநர்' வரியிலேயே போட்டு. தபாலகத்தில் ஒருவர் முகவரியை மற்றவருக்குக் காட்டினால் விசாரணை வரும். இங்கே நானே 60 பேருடையதையும் காட்டிவிட்டேன். ஒருவர் எல்லோருக்கும் பதில் போட, இன்னொருவர் அவருக்குப் பதில் போட, அது ஊர்ச் சண்டையில் முடிந்தது. நீங்கள் அதைச் செய்ய வேண்டாம். ஜிமெயில் சாதாரணக் கணக்கிலிருந்து ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல் அனுப்பவும் விடாது. சப்ஸ்டாக், பட்டன்டவுன், கோஸ்ட் போன்ற மடல் சேவை ஒன்றில் கணக்குத் திறவுங்கள். எதை எடுத்தாலும் ஒன்றை மட்டும் பாருங்கள்: முகவரிப் பட்டியலை முழுதாக இறக்கி எடுத்துக்கொண்டு வேறிடம் போக முடிகிறதா? முடியாது என்றால் அந்தப் பட்டியல் உங்களுடையதல்ல.

சொந்த இணையப் பெயர் வாங்கினால் மூன்று பதிவுகள் செய்ய வேண்டும். சேவைக்காரர் எழுத்துகளைத் தருவார், நீங்கள் ஒட்டினால் போதும், ஆனால் என்ன ஒட்டுகிறோம் என்று தெரிந்திருப்பது நல்லது. எஸ்பிஎஃப் என்பது உங்கள் பெயரில் கடிதம் சுமக்க எந்தெந்தத் தபாலகங்களுக்கு உரிமை என்ற பட்டியல். டிகேஐஎம் உறையின் மேல் வைக்கும் அரக்கு முத்திரை. டிமார்க், முத்திரை உடைந்து வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று பெறும் தபாலகத்துக்கு நீங்கள் எழுதி வைக்கும் கட்டளை. 2024 பெப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் பெருந்தொகையாக அனுப்புகிறவர்களிடம் இவற்றைக் கட்டாயமாகக் கேட்கின்றன. நமக்கு அவ்வளவு தொகை இல்லை. என்றாலும் முத்திரை இல்லாத உறை குப்பைக் கூடைக்குப் போக வாய்ப்பு அதிகம்.

தமிழில் மடல் எழுதுகிறவர்கள் அறிய வேண்டிய ஒன்று இருக்கிறது. ஜிமெயில் ஏறத்தாழ 102 கிலோபைட்டுக்கு மேற்பட்ட மடலை நடுவில் வெட்டி, மீதியைப் பார்க்க ஓர் இணைப்பை மட்டும் வைக்கும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டு. ஒருங்குறியில் (யூனிகோட்) தமிழ் எழுத்துக்கு மூன்று, 'கோ' போல உயிர்க்குறி சேர்ந்தால் ஆறு. அலங்காரங்களும் சேரும்போது நம் மடல் ஆங்கில மடலைவிட மிக விரைவில் நிறைந்துவிடும். நான் 1,500 சொல்லைத் தாண்டுவதில்லை. தாண்டினால் வெட்டுப்படுவது எப்போதும் கடைசிப் பகுதி, விலகுவதற்கான இணைப்பு இருப்பதும் அங்கேதான்.

இன்னொரு நம் ஊர்த் தொல்லை பாமினி. கந்தோர்களிலும் அச்சகங்களிலும் பழகியவர்கள் கட்டுரை தந்தால் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் இருக்கும். அப்படியே ஒட்டினால் வாசகருக்கு ஆங்கில எழுத்துகளும் குறிகளும் சிதறிய குப்பை தெரியும். ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒரு தடவை வாய்விட்டு வாசியுங்கள், சில எழுத்துகள் வழியில் விழுந்திருக்கும்.

படம் ஒன்றே ஒன்று, சிறிதாக. டேட்டா அட்டை போட்டுப் படிப்பவர்கள் பாதிப் பேர். தலைப்பு வரி ஐந்தாறு சொல்லுக்குள் இருக்கட்டும். எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். 2021 முதல் ஆப்பிள் கைபேசிகள் வாசகர் திறக்காமலே திறந்ததாகக் காட்டக்கூடியவை. பதில் கடிதங்களை எண்ணுங்கள்.

காசு பற்றிச் சுருக்கமாக. முதல் ஆண்டு வாசகரிடம் கேட்காதீர்கள். சப்ஸ்டாக் கட்டணச் சந்தாவை ஸ்ட்ரைப் என்ற இணையப் பணச் சேவை வழியாக வாங்குகிறது, நான் தொடங்கியபோது இலங்கையில் ஸ்ட்ரைப் இல்லை, கேள்வி அத்தோடு முடிந்தது. திமிங்கிலம் பார்க்கக் கூட்டிப் போகும் படகுக்காரர் ஒருவர் விளம்பரம் தருவதாகச் சொன்னார். நல்ல மனிதர். அவருடைய தொழிலைப் பற்றியே நான் எழுத வேண்டியிருந்ததால் வேண்டாம் என்றேன். மடலின் சுருக்கத்தைத் தாளிலும் அடிக்கிறேன், அந்த அச்சுச் செலவை ஒரு டியூஷன் வகுப்புக்காரர் தருகிறார். அவரைப் பற்றி எழுத எனக்கு எந்தத் தேவையும் வராது.

போயா நாள்

மடல் எப்போது போகும் என்பதை ஒரு தடவை தீர்மானித்துவிட்டு மாற்றாதீர்கள். நான் பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தை எடுத்தேன். எல்லோருக்கும் விடுமுறை, நாட்காட்டியில் குறித்தே இருக்கிறது, ஆண்டுக்கு 12 அல்லது 13 தடவை வருகிறது. நிலவு காலத்தில் விளக்கு வைத்து மீன்பிடிப்பவர்களுக்கும் தொழில் குறைவு, வீட்டில் இருப்பார்கள். 'மாதம் ஒரு முறை' என்று வாக்குக் கொடுத்துவிட்டுத் தேதி சொல்லாதவர்கள் மூன்றாவது மாதத்தில் நின்றுபோவதை நிறையப் பார்த்துவிட்டேன்.

மின்னஞ்சல் போகும் அதே நாளில் ஏ4 தாள் ஒன்றின் இரண்டு பக்கத்திலும் மடலின் சுருக்கம் அச்சாகிறது. கிண்ணியாவில் போட்டோ கொப்பிக் கடை வைத்திருக்கும் நானா ஒருவர் அடித்துத் தருகிறார், எழுத்துப் பிழையும் பார்த்துவிடுகிறார். 80 பிரதி. தேநீர்க் கடைகள், மீனவர் சங்கக் கட்டடம், இரண்டு வாசிகசாலை, ஒரு சலூன். சலூனில்தான் முழுதாகப் படிக்கிறார்கள், எழுந்து போக முடியாது.

மூன்று மடலுக்கு ஒரு தடவை திரும்பி வந்த முகவரிகளை நீக்குங்கள். விலகிப் போனவர்களையும் உடனே விடுங்கள், ஏன் என்று கேட்டு எழுத வேண்டாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்றும் இருக்கிறது. சம்மதம் சொல்லாதவர் முகவரி உங்கள் பட்டியலில் இருக்கக் கூடாது. திருமண வீட்டில் வாங்கிய தொலைபேசி இலக்கங்களைச் சேர்ப்பது சம்மதம் ஆகாது. ஒரு நண்பர் அதைத்தான் செய்தார்.

அடுத்த போயாவுக்கு ஒன்பது நாள் இருக்கிறது. இந்த மாதம் கொட்டியாரக் குடாவின் கண்டல் காடுகள். எழுதி முடித்துவிட்டேன். மூதூரில் நண்டு பிடிக்கும் ஓர் அம்மாவிடம் எடுத்துப் போக வேண்டும். தான் சொன்ன விலை ஒன்று, நான் எழுதிய விலை வேறு என்று அவர் நேற்றே ஆள் அனுப்பிவிட்டார்.